லாரிக்கு நடுவுல ஒரு தகடு

குப்பைமேடு பத்திக்கிட்டப்போ தணிகாசலம் மேடையில சால்வை வாங்கிட்டிருந்தாரு. "நகரத்தோட கரியமில வாயுவைக் குறைச்சுக் காட்டின நம்ம மாநகராட்சி சுகாதார அலுவலர்..."னு மைக்ல சொல்லி முடிக்கல, புகை பந்தலுக்குள்ள வந்துடுச்சு.

லாரி டிரைவர் லூர்து மேட்டுல மாட்டிக்கிட்டாரு. தூக்கிட்டு வரும்போது மூச்சு இருந்துச்சு, அவ்வளவுதான்.

சாயங்காலம் தணிகாசலம் நேரா உரக்கிடங்குக்குப் போனாரு. அங்க வேலை பாக்குற ஜெபமணிதான் குப்பை விஷயத்துல அவருக்கு குரு. அவரைவிட பத்து வயசு சின்னவங்க. இருந்தாலும் "குருவம்மா"ன்னுதான் கூப்பிடுவாரு.

"குருவம்மா, நான் லாரிப் புகையைக் குறைச்சேன்தானே? அப்புறம் ஏன் இப்படி?"

"எப்படிக் குறைச்சீங்க?"

"லாரிக்கு நடுவுல மக்குற குப்பை ஒரு பக்கம், மக்காதது ஒரு பக்கம்னு ஒரு தகடு இருந்துச்சுல்ல? அதனால சீக்கிரம் ரொம்பி ரெண்டு நடை ஓட்டுனாங்க. தகட்டைக் கழட்டச் சொன்னேன். ஒரே நடை. டீசல் பாதி!"

ஜெபமணி அன்னிக்கு வந்த குப்பைல ஒரு கூடை அள்ளி அவர் முன்னாடி கொட்டினாங்க.

"பிரிங்க சார்."

குந்திக்கிட்டு ஆரம்பிச்சாரு. பேப்பர்ல சாம்பார். பால் கவருக்குள்ள மீன் செதில். கால் மணி நேரத்துல கையெல்லாம் வழுக்குச்சு.

"முடியலம்மா."

"காலைல வீட்டுல பிரிச்சுதான் குடுத்தாங்க."

அவர் கையில ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டாரு.

"இப்படிக் கலந்து வந்ததெல்லாம் உரமாகாதுன்னு நாங்க திருப்பி விட்டுட்டோம். மேட்டுக்குப் போச்சு. அடியில அழுகி மீத்தேன் ஆச்சு. கரியமில வாயுவைவிட அது பூமியை ஜாஸ்தி சூடாக்கும், பத்திக்கவும் செய்யும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான் சார்."

போன் அடிச்சுது. ஆஸ்பத்திரி. தணிகாசலம் கேட்டாரு, "சரி"ன்னாரு, வெச்சாரு.

"லூர்து போயிட்டாரும்மா."

ஜெபமணி முந்தானையை வாயில அழுத்திக்கிட்டாங்க.

தணிகாசலம் பையிலேர்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாரு. "வெயில்ல தானா பத்திக்கிச்சுன்னு மேலதிகாரிங்க அறிக்கை எழுதச் சொல்றாங்க. தகட்டைப் பத்தி எழுதினா என் வேலை போயிடும். என்ன எழுதட்டும்?"

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு லூர்து நடைக்கு வேற லாரி கிளம்பும். அதுல யாரை ஏத்தி விடப்போறீங்க? அந்தப் பேரை முதல்ல எழுதுங்க சார். மீதியை அப்புறம் எழுதலாம்."

தணிகாசலம் பேனாவை எடுத்தாரு. எழுதல.

உங்க தெருவுலயும் தொட்டி ரெண்டு, லாரிக்குள்ள இடம் ஒண்ணுதானா?