திரும்பி வந்த புத்தகங்கள்

குருவுக்கு வயது ஐம்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து மூன்று. அதனால் முதல் நாளே ஒரு சங்கடம்.

“இனிமே நீங்கதான் மேடம் என் குரு” என்றார் ராமபத்ரன்.

“குருவெல்லாம் வேண்டாம் சார். வெயில் ஏறுது, அந்த பெஞ்சைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க” என்றார் அமலோற்பவம்.

ராமபத்ரன் தள்ளினார். அப்படித்தான் சீடரானார்.

அமலோற்பவம் ஏரிக்கரைப் புதூர் கிளை நூலகத்தின் நூலகர். ரேஷன் கடையை ஒட்டி இரண்டு அறைகள். அவர் வேலைக்கு வந்த காலத்தில் ஊருக்கு ஒரே பேருந்து. வாசகர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியும். தபால்காரர் கொண்டுவந்து போட்ட துப்பறியும் கதையை ஹெட்மாஸ்டர் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். பிறகு ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தன. ஏரிக்கு மேற்கே அடுக்குமாடிகள் எழுந்தன. எங்கெங்கிருந்தோ ஜனம் வந்தது. நூலகம் மட்டும் அதே இரண்டு அறைகளில் இருந்தது.

ராமபத்ரன் அந்த அடுக்குமாடிகளில் ஒன்றில் குடியிருப்பவர். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கம் கொடுத்த அறையில் ஒரு நூலகம் தொடங்கியிருந்தார். கண்ணாடி அலமாரி, கம்ப்யூட்டர், ஏசி. எல்லாம் புதுப் புத்தகங்கள். திறப்பு விழாவன்று நல்ல கூட்டம். மிக்சர் தீர்ந்ததும் கலைந்தது. அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

“பொங்கலுக்குள்ள ஆள் வரலேன்னா ரூமை ஜிம்முக்குக் கொடுத்துடுவோம்னு செயலாளர் ஜெகதீசன் சொல்லிட்டார் மேடம். ஆறு மாசமா இதுதான் என் உயிர். சொல்லுங்க, என்ன புத்தகம் வாங்கினா ஜனம் வரும்?”

அமலோற்பவம் பெஞ்சைக் காட்டினார்.

“கொஞ்ச நாள் இங்க வந்து உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். அவரால் தாங்க முடியாத காட்சி ஒன்று அங்கே இருந்தது. வாசலை ஒட்டி ஒரு பெரிய மேசை. திருப்பித் தரும் புத்தகங்களை வாசகர்கள் அதன் மேல்தான் போட்டார்கள். சமையல் புத்தகத்தின் மேல் சரித்திர நாவல், அதன் மேல் தேனீ வளர்ப்பு. குவிந்து கிடந்தன. யாரும் எடுத்து அடுக்குவதாகத் தெரியவில்லை.

ஒருநாள் அமலோற்பவம் மாவட்ட நூலகத்தில் கூட்டம் என்று போய்விட்டார். ராமபத்ரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். சாயங்காலம் பூட்டும்போது மேசை மேல் ஒன்றுமில்லை. ஒவ்வொரு புத்தகமும் எண்படி அதனதன் அலமாரியில் இருந்தது. மேசையை ஈரத்துணியால் துடைத்தும் விட்டார்.

மறுநாள் காலை தையல் கம்பெனிக்குப் போகிற வழியில் பேச்சியம்மாள் வந்தாள். மேசையைப் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

“என்னக்கா, நேத்து லைப்ரரி லீவா? ஒருத்தரும் வரலையா?”

“வந்தாங்களேம்மா” என்றார் ராமபத்ரன். “எல்லாம் ஒழுங்கா உள்ளே அடுக்கியிருக்கு. ஆயிரக்கணக்குல இருக்கு, போய் எடுத்துக்கோ.”

“அதுல போயி எதன்னு எடுக்க?”

“உனக்குப் பிடிச்சதை.”

“படிச்சாத்தான சார் பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரியும்?” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்து வந்தவரும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கடுத்தவர் அலமாரி வரைக்கும் போனார், புத்தக முதுகுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பேப்பரைப் படித்துவிட்டுக் கிளம்பினார்.

அமலோற்பவம் டீ சொன்னார். டீ வந்தது.

“நீங்க வேலை பார்த்த ஊர்ல லைப்ரரி இருந்துச்சா சார்?”

“ஈரோட்ல ரயில்வே காலனி. ஸ்டாஃப் கிளப் மாதிரி இன்ஸ்டிட்யூட் ஒண்ணு, அதுலேயே லைப்ரரி உண்டு.”

“அங்க எதை எடுப்பீங்க?”

ராமபத்ரன் டம்ளரை உருட்டினார். முகம் மெல்ல இளகியது.

“ஷிப்ட் முடிஞ்சு நேரா அங்கதான் போவேன். டீசல் ஷெட்டுல எஞ்சின் ரிப்பேர் பார்க்கற ஃபிட்டர் ஒருத்தர். பேர் தெரியாது. அவர் படிச்ச புத்தகத்துல ஓரத்துல எல்லாம் எண்ணெய்ப் பெருவிரல் ரேகை இருக்கும். நல்ல கட்டம் வந்தா அந்த ரேகை அழுத்தமா விழுந்திருக்கும் மேடம். பக்கத்தைத் திருப்பாம பிடிச்சுக்கிட்டே இருந்திருப்பார் போல. எண்ணெய் ரேகை இருந்தா நம்பி எடுத்துட்டுப் போவேன். எதை நம்பி மோசம் போனாலும் அதை நம்பி மோசம் போனதில்லை.”

“எங்கேயிருந்து எடுப்பீங்க? அலமாரியிலிருந்தா?”

ராமபத்ரன் துடைத்து வைத்த மேசையைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

நாலு நாள் ஆளைக் காணவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். முகம் தொங்கியிருந்தது.

“நானும் மேசை போட்டேன் மேடம். புத்தகத்தைக் குவிச்சேன். கொஞ்சம் தாறுமாறாக்கூட வெச்சேன். ஒருத்தரும் தொடலை.”

“யார் படிச்ச புத்தகம்?”

“யாரும் படிக்கலை. எல்லாம் நானே பொறுக்கி எடுத்த நல்ல புத்தகம்.”

அமலோற்பவம் சிரித்துவிட்டார். பிறகு வருத்தப்பட்டவராகப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க கட்டடத்துல எல்லா வீட்டுலயும் கட்டில்கிட்டயோ, ஃப்ரிட்ஜ் மேலயோ பாதி படிச்ச புத்தகம் ஒண்ணு கிடக்கும். போய்க் கேளுங்க.”

“கேட்கறதுன்னா… வாட்ஸப் குரூப்ல போட்டுடவா?”

“கதவைத் தட்டிக் கேளுங்க.”

ரேஷன் கடையில் யாரோ கோதுமை கேட்டுச் சண்டை போட்டார்கள். அது ஓய்ந்த பிறகு ராமபத்ரன் சொன்னார்:

“அங்க குடிவந்து மூணு வருஷம் ஆச்சு மேடம். இன்னும் ஒரு கதவையும் தட்டினதில்லை.”

“அதான் சார் பாடம்” என்று சொல்லியிருக்கலாம். அமலோற்பவம் அப்படிச் சொல்கிறவர் இல்லை. “ஞாயித்துக்கிழமை போங்க. வீட்ல இருப்பாங்க” என்றார்.

அடுத்த வாரம் ராமபத்ரன் பை நிறையப் பேச்சோடு வந்தார்.

“டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க மேடம். லிஃப்ட்ல பார்த்தா தலையைக்கூட ஆட்ட மாட்டாங்க. அவங்க பேய்க் கதை கொடுத்தாங்க! மூணாவது மாடி பையன் யாருன்னு நெனச்சீங்க? ராத்திரியெல்லாம் கிடார் வாசிச்சு என் தூக்கத்தைக் கெடுக்கறானே, அவன்தான். அவங்க அப்பா வெச்சிருந்த மூலிகைப் புத்தகம் கொடுத்தான். அப்பா போயிட்டாராம். நடுவுல ஒரு துளசி இலை. அதை எடுத்துடாதீங்க அங்கிள்னு சொன்னான்.”

“புத்தகம் எப்படி?”

“இன்னும் பார்க்கலை மேடம். பேசிட்டே இருந்ததுல பார்க்கலை.”

மேசை நிறைந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது, “இது யார் வீட்டுது?” என்பதுதான். டாக்டரம்மாவின் பேய்க் கதைக்குப் போட்டி. பாதி படித்துவிட்டுக் கொடுத்த ஒருவர், “முடிவு என்னாச்சுன்னு மட்டும் பார்த்துட்டுத் தந்துடறேன்” என்று தன் புத்தகத்தையே இரவல் வாங்கிப் போனார். கம்ப்யூட்டரில் பதிய ராமபத்ரனுக்கு நேரமில்லை. பேச்சுக்கு நடுவே யார் எதை எடுத்தார்கள், யார் கொண்டுவந்து போட்டார்கள் என்பது அவருக்கே தெரியவில்லை.

பொங்கல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு சங்கத்தின் பொதுக்குழு.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை ராமபத்ரன் கிளை நூலகத்துக்கு வந்தார். யாரும் சொல்லாமலே பெஞ்சை உள்ளே தள்ளி அதில் உட்கார்ந்தார்.

“ரூம் போயிடுச்சு மேடம்.”

அமலோற்பவம் முத்திரை குத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“ஆளுங்கதான் வந்தாங்களே.”

“ஜெகதீசனும் அதைத்தான் சொன்னார். ‘சார், கூட்டம் வருது, சந்தோஷம், நானே ரெண்டு புக்கு எடுத்தேன். ஆனா ட்ரெட்மில்லுக்கு ஆர்டர் போட்டாச்சே’ன்னார். கை தூக்கச் சொன்னாங்க. ஜிம்முக்குத்தான் கை அதிகம். பேய்க் கதை டாக்டரம்மாவே ஜிம்முக்குத் தூக்கினாங்க மேடம்.”

“அவங்க டாக்டராச்சே சார்.”

ராமபத்ரன் சிரிக்க முயன்றார். வரவில்லை.

“உங்ககிட்ட வந்து உட்கார்ந்தேன். நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். கடைசியில லைப்ரரி இல்லாமப் போச்சு.”

“அலமாரியில இருந்த புதுப் புத்தகமெல்லாம்?”

“பெட்டியில கட்டி மோட்டார் ரூம்ல வெச்சாச்சு. எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறையலை.”

“மேசை மேல இருந்தது?”

“அதுதான் மேடம் கேட்காதீங்க.” குரல் தாழ்ந்தது. “நேத்து காலி பண்ணப் போனா மேசை மேல ஒண்ணுமே இல்லை. எல்லாத்தையும் யார் யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. எதையும் நான் பதியலை. கொடுத்தவங்களுக்குத் திருப்பித் தரணும். அந்தப் பையனோட அப்பா புத்தகம் இப்ப யார்கிட்ட இருக்குன்னே தெரியலை. அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?”

பேச்சியம்மாள் வந்தாள். ஒரு புத்தகத்தை மேசை மேல் போட்டாள். கிடந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். “வரேன்க்கா” என்று பஸ்ஸுக்குப் போனாள்.

அமலோற்பவம் கேட்டார்: “இப்ப என்ன செய்யறதா இருக்கீங்க?”

“என்ன செய்யறது? மறுபடியும் ஒவ்வொரு வீடாப் போய்க் கதவைத் தட்டி, உங்ககிட்ட யாரோட புத்தகம் இருக்குன்னு கேட்கணும். ஒருத்தர் கொடுத்ததை வாங்கி இன்னொருத்தர்கிட்ட சேர்க்கணும். அந்த நேரம் பார்த்து அவங்க வேற ஒண்ணு கேட்பாங்க. அது இன்னொரு வீட்ல இருக்கும். இது முடியற வேலையா மேடம்?”

அமலோற்பவம் அடுத்த புத்தகத்தைத் திறந்து தேதி முத்திரையைக் குத்தினார்.

“எத்தனை மணிக்குத் திறப்பீங்க சார்?”

“சாயங்காலம் மேடம். அப்பத்தான் எல்லா வீட்லயும் ஆள் இருக்கும்” என்று எழுந்தார் ராமபத்ரன்.