திரைச்சீலையும் ஒரு விரலும்

கோயம்புத்தூரில் ஒரு கலைக்கூடம். அதன் கூரையடியில் ஒரு சென்சார் குடியிருந்தது. எதிரே யார் எந்தப் பக்கம் அசைந்தாலும் கண்டு சொல்லும். உடனே சுவரில் பதித்த குட்டி விளக்குகள் அந்த ஆளின் முழு வடிவத்தில் பூக்கும். அசைவு நின்றால் அணைந்துவிடும். பிழைப்பு அவ்வளவுதான்; கர்வமோ கூரையை முட்டியது.

அந்தச் சுவரைச் செய்தவள் கோகிலவாணி. தன் அண்ணன் சிவராசுக்காகச் செய்தாள். பைக்கிலிருந்து விழுந்தபின் அவனுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு விரல்தான் அசையும். வீட்டுக்கு வருகிறவர்கள் அவனை எதிரில் வைத்துக்கொண்டே அம்மாவிடம், "சாப்பிட்டானா?" என்று கேட்பார்கள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அண்ணன் இருக்கிறான் என்று ஒரு சுவராவது சொல்லட்டும் என்பது தங்கையின் ஆற்றாமை.

"எங்கண்ணன் வெரலசைச்சாப் போதும், நீ பாத்துப்போடோணும்," என்று சென்சாருக்குச் சொல்லி வைத்தாள்.

"ஆகட்டும்," என்றது அது.

திறப்பு விழாவன்று ஏ.சி. படுத்துவிட்டது. பெரிய மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசல் திரைச்சீலை ஆடியது. ஆளே இல்லாமல் சுவர் பூத்துக் குலுங்கியது.

கூடத்து மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க அம்மிணி, பேய் புகுந்தாப்பல எரியுதுங்களே! வர்றவங்க சிரிச்சுப்போடுவாங்க."

கோகிலவாணி பதறி லேப்டாப்பைத் திறந்தாள். சின்ன அசைவையெல்லாம் விட்டுவிடு என்று கட்டளையை மாற்றினாள். அண்ணன் நாளைக்குத்தானே வருகிறான், விழா முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

திரைச்சீலை சென்சாரைப் பார்த்துச் சிரித்தது. "இத்தன நேரம் என்னைப் போயி மனுசின்னு நெனச்சயா?"

சென்சாருக்கு மானம் போயிற்று. இனி ஏமாறுவதில்லை என்று கண்ணை இறுக்கிக்கொண்டது.

கூட்டம் வந்தது. பிள்ளைகள் குதித்தார்கள், சுவரும் குதித்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. கோகிலவாணி வாசலில் விருந்தாளிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்நேரம் பக்கவாட்டுக் கதவு வழியாக அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தங்கைக்குச் சொல்லாமலே வந்து நிற்க வேண்டும் என்பது சிவராசின் ஆசை. நாற்காலி உருண்டபோது அவன் வடிவம் சுவரில் பூத்தது. அவன் முகமும் பூத்தது. நாற்காலி நின்றது. வடிவம் அணைந்தது.

அவன் விரலை அசைத்தான். மறுபடியும் அசைத்தான்.

"அங்கொருத்தர் இருக்காரு," என்றது ஒரு குட்டி விளக்கு. "வெரலு ஆடுது, பாரு!"

"திரைச்சீலையுந்தான் ஆடுது," என்றது சென்சார்.

திரைச்சீலைக்கே மனசு கேட்கவில்லை. "நான் காத்தடிச்சா ஆடறவ. அவரு அவராவே ஆட்டறாருப்பா."

"எனக்கு ரெண்டும் ஒரே அளவு. சொன்னதைச் செய்யறவன் நான்."

அம்மா நம்பாமல் கையை வீசிப் பார்த்தாள். சுவரில் அம்மா மட்டும் பூத்தாள். பக்கத்தில், நாற்காலியின் இடம் இருட்டாகவே கிடந்தது.

சிவராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ மட்டுந்தாம்மா வந்திருக்கறே," என்றான். "வா, போலாம்."

கூட்டம் கலைந்து விசிறிகளை நிறுத்திய பிறகுதான் அம்மா போன் செய்தாள். நடந்ததைக் கேட்ட கோகிலவாணி குறுக்கிட்டாள். "அண்ணாகிட்டக் குடும்மா... அண்ணா, என் தப்புண்ணா. நாளைக்கு வாண்ணா, உனக்காக மாத்தி வெக்கறேன்."

"வேண்டாம் பாப்பா. வீட்டுக்கு வாரவங்க தெனமும் சொல்றதத்தான் உன் சுவரும் சொல்லுச்சு." போன் வைக்கப்பட்டது.

அவள் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் வடிவம் அணைந்தது. முழங்காலில் முகம் புதைத்தாள். தோள்கள் லேசாகக் குலுங்கின.

"கோகிலாவா அது? அழறாளா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டது குட்டி விளக்கு.

சென்சார் உற்றுப் பார்த்தது. அளந்து பார்த்தது.

"யாருமில்லை," என்றது. "காத்து."