வளையல்காரனுக்குப் பரிவட்டம்

பொன்னூத்து நாட்டு ராஜா பேரு மெய்க்கீர்த்திவர்மன். கட்டியக்காரன் பட்டத்தோட அந்தப் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ராஜாவுக்குக் கஞ்சி ஆறிப்போகும். அவர்கிட்ட ஒரு தளவாய், மருதப்பர்னு. படைக்கே தலைவரு. சண்டைக்குப் போனதில்ல, ஆனா விரல் நீட்டறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. நாட்டுல எது நடந்தாலும் விரல் மேற்க போகும். மேற்க இருக்கறது கல்லடி நாடு.

"குளம் வத்திப்போச்சே தளவாய்?"

"கல்லடிக்காரன் சதி மகாராஜா."

"ராணிக்குப் பல்வலி."

"அதுவும் அவன்தான் மகாராஜா."

அப்பத்தான் ஊருக்குள்ள ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஏழு தலைமுறைப் படைன்னு பேரு. ஏழு தலைமுறையா இங்க இல்லாதவன் இங்க கடை வைக்கக் கூடாதாம். ராஜாவோட தாத்தாவே குதிரை விக்க வந்து தங்கினவருதான். அந்தக் கணக்க மட்டும் யாரும் எடுக்கல. ஏன்னா அந்தப் பசங்க தெருத்தெருவா ராஜாவுக்கு வாழ்க போட்டாங்க. ராஜாவுக்கு உச்சி குளுந்துபோச்சு.

தளவாய் வந்து, "பசங்க பந்தம் புடிச்சு ஊர்வலம் போகணுமாம், எண்ணெய் கேக்கறாங்க"ன்னாரு.

"நம்ம அரண்மனை உக்கிராணத்துலேருந்து நாலு குடம் குடுத்துடுங்க."

ஊர்வலம் போச்சு. விடிஞ்சு பாத்தா கடைத்தெருவுல நாப்பது கடை சாம்பல். காவலுக்குப் படுத்திருந்த ஒரு மனுஷன் வெந்தே போயிட்டாரு.

விரல் மேற்க போச்சு. மத்தியானத்துக்குள்ள ஆளும் புடிச்சாச்சு. அல்லிமுத்துன்னு ஒரு வளையல்காரன். கல்லடியிலேருந்து வந்தவன், எலும்பும் தோலும். வளையல் மூட்டையத் தூக்கினாலே அவனுக்கு மூச்சு வாங்கும்.

"என்ன அத்தாட்சி?"ன்னு ராஜா கேட்டாரு.

"அவன் மூட்டையில கல்லடி நாட்டு வளையல் இருந்துச்சு மகாராஜா."

"வளையல்காரன் மூட்டையில வேற என்னய்யா இருக்கும்?"

"அப்படி நாம நெனைக்கணும்னுதான் மகாராஜா வளையல் வச்சிருக்கான்."

ராஜா தலைய ஆட்டினாரு. மறுநாள் உச்சிக்குக் கழுவேத்தறதுன்னு தீர்ப்பாச்சு.

சபையில வேம்பையன்னு ஒரு விகடகவி. அவன் மெதுவா எந்திரிச்சான். "மகாராஜா, நம்ம நாட்டு வழக்கம் ஒண்ணு இருக்கே. எதிரி வீரனக் கொல்லறதுக்கு முன்னாடி சபையில நிறுத்தி, பரிவட்டம் கட்டி, அவன் வீரத்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிக்கணுமே."

தளவாய்க்கே சந்தோஷம். "தாராளமா வாசிங்க. எதிரி எவ்வளவு பெரியவனோ, அவனப் புடிச்சவனுக்கு அவ்வளவு பெரும."

மறுநாள் சபை நெறஞ்சுபோச்சு. மேல்மாடத்துல பொம்பளைங்க. முன்வரிசையில ஏழு தலைமுறைப் படை, மீசைய முறுக்கிக்கிட்டு. நடுவுல அவங்க தலைவன் செங்கோடன். தளவாய்க்குச் சொந்த மச்சினன்.

வேம்பையன் வளையல்காரன் தலையில பட்டுப் பரிவட்டம் கட்டினான். கட்டியக்காரன் குரல அப்படியே தொண்டையில வாங்கிக்கிட்டு ஆரம்பிச்சான்.

"கல்லடி நாட்டு அல்லிமுத்து. ஒத்த ஆளு. ஒரே ராத்திரி. நாப்பது கடை."

"சாமி, நான் எரிக்கல சாமி"ன்னு அழுதான் அல்லிமுத்து.

"வீரனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க. இவன் பந்தத்தோட வந்தப்ப நம்ம ஏழு தலைமுறைப் படை என்ன பண்ணுச்சு? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுச்சு. தலைவன் செங்கோடன் மாட்டுக்கொட்டாயில, தவிட்டுப் பானைக்குப் பின்னாடி ஒக்காந்து மூச்சு விடாம இருந்தான்."

மேல்மாடத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. செங்கோடன் காது செவந்துபோச்சு.

"யாருய்யா பானைக்குப் பின்னாடி இருந்தது?"

"தம்பி, உக்காருங்க. இங்க வீரனப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

"இவனா வீரன்? இவனுக்குப் பந்தம் புடிக்கத் தெரியுமா? மொதக் கடைக்கு நெருப்பு வச்சது நான்யா. பூக்கடை மூலையிலேருந்து காத்து அடிக்குதுன்னு பாத்து வச்சேன்."

பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சான். "நீ வச்சது அணைஞ்சுபோச்சேண்ணே. நாந்தான மறுபடி எண்ணெய் ஊத்தினேன்."

"அப்ப ஜவுளிக்கடை?" இன்னொருத்தன். "அது என்னுது. அதுல எவனும் பங்குக்கு வராதீங்க."

"உக்காருடா"ன்னு பல்லக் கடிச்சாரு தளவாய்.

"நீங்க சும்மா இருங்க மச்சான். ஊரெல்லாம் இவன் பேரச் சொல்லும். நாங்க கஷ்டப்பட்டதுக்கு என்ன அர்த்தம்?"

ராஜா தளவாயப் பாத்தாரு. தளவாயோட விரல் தன்னால மேற்க கிளம்புச்சு.

"மகாராஜா, அது வந்து... கல்லடிக்காரன்தான் இந்தப் பசங்க மனசுல புகுந்து..."

"வேம்பையா, நீ என்னய்யா சொல்ற?"

"தளவாய் சொன்னா தப்பாகுமா மகாராஜா? நெருப்பு வெளிநாட்டுலேருந்துதான் வந்துச்சு. ஒரு சின்ன வேலதான் பாக்கி. மேற்க இருக்கற எல்லைக்கல்லப் புடுங்கிட்டு வந்து, தளவாய் வீட்டுக்கு இந்தப் பக்கம் நட்டுடணும். அப்புறம் அவர் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யாகாது."

ராஜா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. செங்கோடன் கூட்டத்துக்கும் தளவாய்க்கும் விலங்கு மாட்டச் சொன்னாரு. அல்லிமுத்துவப் பரிவட்டத்தோடவே வீட்டுக்கு அனுப்பினாரு. தன் கை மோதிரத்தக் கழட்டி வேம்பையனுக்குக் குடுத்தாரு. கண்ணத் தொடச்சுக்கிட்டே ஒரு கேள்வியும் கேட்டாரு.

"ஆமா வேம்பையா, கல்ல அங்க நட்டா நம்ம அரண்மனை எந்தப் பக்கம் வரும்?"

வேம்பையன் மோதிரத்த விரல்ல மாட்டி, கழலாதபடி நல்லா இறுக்கிக்கிட்டான். ரெண்டு எட்டு வாசப்பக்கம் நகந்துக்கிட்டான்.

"அந்த நாலு குடம் எண்ணெய் எந்த உக்கிராணத்துலேருந்து போச்சுன்னு கேட்டுட்டு வந்து சொல்றேன் மகாராஜா."

அன்னிக்குக் கட்டியக்காரன் ராஜா பேரச் சொல்ல வாயே தொறக்கல. கஞ்சி சூடாத்தான் வந்துச்சு. ராஜாதான் அதத் தொடல.