குதிரைகளுக்கு முகம் காட்டுதல்

சாத்தையார் அரண்மனைக் குதிரைப்படையில் தலை நரைத்தவர். பிறகு ஒரு குருவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிட அவருக்கு வயது அதிகம். ஆனாலும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். குரு அவரைச் "சாத்தையாரே" என்பார். இருவருக்குள்ளும் மரியாதைக்குக் குறைச்சலில்லை, கேலிக்கும்தான்.

சாத்தையாருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. தைக்குள் பார்வை போய்விடும் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று மாலை அவர் குருவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாமி, கடிவாளம் படாத குதிரையை நான் பார்த்ததே இல்லை. கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை பார்க்கணும்."

அப்படிப்பட்ட குதிரைகள் குளம்படி மலையில் இருந்தன. ஏதோ ஒரு காலத்துச் சண்டையில் தப்பி ஓடியவற்றின் வம்சம். மலைச் சனங்கள் அவற்றைக் கட்டவுமில்லை, விரட்டவுமில்லை. தங்கள் புல்லில் பாதியை விட்டுக்கொடுத்ததோடு சரி. பிடிக்க வந்த படைகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் திருப்பி அனுப்பினார்கள். ராஜாவுக்கே இல்லையென்று சொன்ன அந்தச் சனங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இருவரும் மலையேறினார்கள். வழியில் காவலுக்கு நின்றவள் மாதி என்ற மலைப்பெண். குதிரை பார்க்க வந்திருப்பதாகச் சாத்தையார் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

"எங்க பேச்சில அப்படிச் சொல்றதில்லைங்க. முகம் காட்ட வந்திருக்கோம்னு சொல்லணும்."

"யாருக்கு?"

"அதுகளுக்குத்தான்."

பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அல்லவா முகம் காட்டிவிட்டு வருவார்கள் என்று சாத்தையார் முணுமுணுத்தார். இதுவும் பெரிய வீடுதான் என்றாள் மாதி. மேலே புல்வெளி ஓரத்தில் நட்டிருக்கும் கல்லைத் தாண்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, கையில் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டு அவள் அங்கேயே நின்றுகொண்டாள்.

கல்லருகே போய்ச் சாத்தையார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தூரத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. மாடு என்று யாராவது சொன்னாலும் நம்பியிருப்பார். இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று நினைத்தார். மெல்ல மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு முடிச்சுக் கொள்ளு இருந்தது.

குரு பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"கொள்ளு வாசம் கண்டா கிட்ட வரும், சாமி. கிட்ட வந்தாத்தான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"படையில புதுக் குதிரையை எப்படிப் பழக்குவீங்க?"

"முதல்ல கொள்ளு காட்டுவோம்."

"அப்புறம்?"

சாத்தையார் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கயிறு. எத்தனையோ கழுத்துகளில் அவரே அதை மாட்டியிருக்கிறார்.

குரு கையை நீட்டினார். சாத்தையார் தயங்கித் தயங்கி முடிச்சைக் கொடுத்தார். குரு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, பச்சைக் கொள்ளை வாயில் போட்டுக் கடுக்முடுக்கென்று மெல்ல ஆரம்பித்தார். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். குருவும் கொஞ்சம் பருத்தவர்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசி மணி வரை தின்று தீர்த்தார்.

சாத்தையார் வெறுங்கையோடு நின்றார். வெயில் சாயத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் கட்டி அந்தப் பழுப்பும் கலங்கிப்போனது. துடைக்கக் கையைத் தூக்கினால் குதிரைகள் மிரளுமே என்று அப்படியே நின்றார்.

அப்போது அது கேட்டது. சரக், சரக்கென்று புல் அறுபடும் ஓசை. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு கல்லுக்கு அந்தப் புறமே. ஒரு குட்டி தும்மியது. காற்றில் வந்த குதிரை வாசனையில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை அகல விரித்தார். எதிர்வெயில் நேரே அடித்ததில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. இரண்டடி எடுத்து வைத்தால் மரநிழலுக்குப் போய்விடலாம். நிழலில் நின்றால் ஒருவேளை தெரியும். அவர் எடுத்து வைக்கவில்லை.

இருட்டுவதற்குள் இறங்கினார்கள். மாதி காத்திருந்தாள்.

"முகம் காட்டியாச்சுங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை, தாயி" என்றார் சாத்தையார். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று குருவிடம் திரும்பினார். "ஆயுசு முழுக்க லாயத்துல இருந்தேன், சாமி. நான் உள்ளே காலெடுத்து வச்சா எந்தக் குதிரையும் தீனியை நிறுத்திடும். இன்னைக்கு அதுக பாட்டுக்கு மேஞ்சுது. நான் நின்னதைக் கவனிக்கவே இல்லையோ என்னமோ."

குரு பல்லிடுக்கில் மாட்டியிருந்த கொள்ளுத் தோலைத் துப்பினார்.

"ஒண்ணொண்ணா வந்து உங்க முகத்தைப் பார்த்துச்சு, சாத்தையாரே. பார்த்துட்டுத்தான் மேஞ்சுது."