மரங்கொத்தி பெற்ற நுழைவு இலை

மழை வழிதவறிப் போன ஒரு காட்டில் உளியன் என்றொரு மரங்கொத்தி வாழ்ந்து வந்தது. அதன் தொழில் மரவைத்தியம். பட்டையில் அலகால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டால் போதும். உள்ளே எந்த இடத்தில் புழு இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லிவிடும். புழுவை எடுத்ததும் மரம் பிழைத்துக்கொள்ளும். உளியன் அலகு வைத்த மரம் பட்டுப்போனதில்லை என்று அந்தக் காட்டில் பேச்சே உண்டு.

ஆனால் குழந்தைகளே, மூன்று ஆண்டுகளாக மழையே இல்லாத காட்டில் வைத்தியருக்கு என்ன வேலை? மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. காய்ந்து இறுகிய கட்டையில் புழுகூடத் தங்கவில்லை. ஓர் இலுப்பை மரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. உளியனும் அதன் மனைவி காந்தளும் மூன்று குஞ்சுகளும் அந்த ஒரு மரத்தை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன.

ஆற்றுக்கு அக்கரையில் ஐந்துகரைக் காடு இருந்தது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நினைத்தவரெல்லாம் உள்ளே நுழைந்துவிட முடியாது. அந்தக் காடு ஐந்து கரைகளாகப் பிரிந்திருந்தது. கரைக்கு ஒரு தலைவர். "இன்ன தொழில் தெரிந்த இன்னார் எங்கள் கரைக்கு வேண்டும்" என்று ஒரு தலைவர் பரிந்துரைத்தால்தான் அரசரான யானை நுழைவு இலை கொடுக்கும். இலை பெற்றவர், பரிந்துரைத்த கரையிலேயே இரண்டு மழைக்காலம் தங்கி உழைக்க வேண்டும். முதல் மழை முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கரைக்கு யார் தேவை என்ற பட்டியலை மாதம் ஒருமுறை அந்தக் காட்டின் ஆற்றோரத்தில் நின்று ஆமை படிக்கும். ஆமை கண்டிப்பானது. ஒரு சொல் கூட்டாது. ஒரு சொல் குறைக்காது.

உளியன் ஏழு மாதம் தவறாமல் போய்க் கேட்டது. தேன் எடுப்பவர் வேண்டும் என்றார்கள். வளை தோண்டுபவர் வேண்டும் என்றார்கள். கூடு பின்னுபவர் வேண்டும் என்றார்கள். மரவைத்தியர் வேண்டும் என்று எந்தக் கரையும் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் ஆமை படித்தது: "மேற்குக் கரை. சென்ற ஆண்டுப் புயலில் முதிர்ந்த மரங்கள் சாய்ந்துவிட்டன. இருவாச்சிப் பறவைகள் முட்டையிடப் பொந்து இல்லை. ஈரக்காட்டு மரத்தில் பொந்து குடையத் தெரிந்தவர் தேவை. ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். யாரிடம் வேலை செய்தாரோ அவர் வாயாலேயே சாட்சி சொல்ல வேண்டும்."

உளியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. ஈரக்காட்டு மரத்தை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

வழியில் ஒரு கரிச்சான் அதன் முன்னால் வந்து அமர்ந்தது. யார் குரலை ஒருமுறை கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும் பறவை அது.

"என்ன உளியன் அண்ணே, இந்த மாதமும் இல்லையா?" என்றது கரிச்சான்.

"பொந்து குடைபவர்தான் வேண்டுமாம்."

"உங்கள் வீட்டுப் பொந்தைக் குடைந்தது யார்?"

"நான்தான். ஆனால் அது காய்ந்த மரம்."

"மரம் மரம்தானே அண்ணே! ஈரமாக இருந்தால் இன்னும் சுலபமாகக் குடையலாம்."

"ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்களே?"

கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது. அடுத்த நொடி, ஈரக்காடான தென்மலையில் பொந்து வேலைக்குப் பெயர் பெற்ற கிழட்டு மலையணிலின் கரகரத்த குரல் அதன் வாயிலிருந்து வந்தது. "உளியனா? என்னிடம் ஐந்து ஆண்டு வேலை பார்த்த பிள்ளை. பொந்து குடைவதில் அதற்கு நிகர் அதுதான்!"

உளியன் திடுக்கிட்டது. பிறகு மெல்லக் கேட்டது: "இதற்கு உனக்கு என்ன தர வேண்டும்?"

"நீங்கள்தான் அக்கரைக்குப் போகப் போகிறீர்களே. அந்த இலுப்பை மரம் உங்களுக்கு எதற்கு?"

உளியன் வீட்டுக்கு வந்து காந்தளிடம் எல்லாவற்றையும் சொன்னது. காந்தள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு கேட்டது.

"நம் தொழில் அது இல்லையே" என்றது காந்தள். "நம் தொழிலுக்கு ஆள் கேட்கும் வரையில் பொறுத்துப் பார்ப்போம்."

"நாம் பொறுப்போம். குஞ்சுகளின் வயிறு பொறுக்குமா?"

"மரத்தையும் கொடுத்துவிட்டால் அதுவரைக்கும் நாங்கள் எதைத் தின்பது?"

"ஒரு மழைக்காலம்தான் காந்தள். எறும்பைப் பிடித்துத் தின்றாவது சமாளியுங்கள். மழை ஓய்ந்ததும் வந்து அழைத்துப் போகிறேன்."

காந்தள் அதற்குமேல் பேசவில்லை. அது சம்மதம் என்று உளியன் எடுத்துக்கொண்டது.

மறுநாள் ஆற்றோரத்தில் ஆமை விசாரித்தது. ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு குன்றிமணியை எடுத்துப் பாறைக்குழியில் போட்டது. வயது சரியாக இருந்தது, ஒரு மணி. உடல் வலுவாக இருந்தது, ஒரு மணி. அக்கரைப் பேச்சுத் தெரிந்திருந்தது, ஒரு மணி.

"அனுபவத்துக்குச் சாட்சி யார்?" என்று ஆமை கேட்டது.

"தென்மலை மலையணில். வயதாகிவிட்டதால் ஆற்றைக் கடந்து வர முடியவில்லை. எதிர்க்கரைப் புதரிலிருந்தே சொல்வார்."

எதிர்க்கரைப் புதரிலிருந்து கரகரத்த குரல் வந்தது. ஆமை அதைக் கேட்டுக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து மணிகளைக் குழியில் போட்டது.

"குடும்பத்தார் பெயர்?"

"மனைவி காந்தள். குஞ்சுகள் மூன்று."

"எல்லாரும் ஒரே இலையில்தான் எழுதப்படுவார்கள். ஒருவர் சொன்னது எல்லாரும் சொன்னதாகும். சொன்னதெல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான்" என்றது உளியன்.

மேற்குக் கரைத் தலைவர் காட்டெருது பரிந்துரைத்தது. அரசர் யானை இலை கொடுத்தது. உளியன் ஆற்றைக் கடந்த அன்றே கரிச்சான் இலுப்பை மரத்தில் குடியேறியது. காந்தள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மொட்டைக் கட்டைக்குப் போனது.

மேற்குக் கரையைப் பார்த்த உளியனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு பச்சையை அது ஒருநாளும் கண்டதில்லை. பட்டையைத் தொட்டால் ஈரம் ஒட்டியது. என் குஞ்சுகள் இங்கே வளரும் என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது.

முதல் வேலையாகக் காட்டெருது அதை ஓர் இருவாச்சித் தம்பதியிடம் அனுப்பியது. இருவாச்சிப் பெண் வழக்கத்தை விளக்கியது:

"ஐயா, நான் பொந்துக்குள் போனதும் வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்வேன். அலகு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். இவர் அதன் வழியாக இரை கொடுப்பார். உள்ளே என் இறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சுகள் வளரும்வரை என்னால் பறக்க முடியாது. பொந்து நன்றாக இருந்தால்தான் எங்களுக்கு உயிர்."

"கவலைப்படாதீர்கள் அம்மா" என்றது உளியன்.

"எங்களுக்கு என்ன கவலை? மலையணிலிடம் வேலை பார்த்தவராயிற்றே நீங்கள்."

உளியன் ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தட்டியது. நடுவில் ஓசை நன்றாக இருந்தது. சற்றுக் கீழே தட்டியபோது 'தொப்' என்று ஓர் ஓசை வந்தது. நனைந்த மண்ணைத் தட்டியது போல இருந்தது. காய்ந்த காட்டில் அப்படி ஓர் ஓசையை உளியன் கேட்டதே இல்லை. அது நல்ல மரத்தின் ஓசை அன்று என்று மட்டும் அதன் காது சொன்னது.

பக்கத்து மரத்தில் வயதான குக்குறுவான் பறவை ஒன்று இருந்தது. பொந்து குடைவது அதன் பரம்பரைத் தொழில்; இப்போது குடைய அலகில் வலு இல்லை. அதனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உளியன் சிறகை விரித்தது. பிறகு மடக்கிக்கொண்டது.

'ஐந்து ஆண்டு வேலை பார்த்தவன் இதைக் கேட்டால் சந்தேகப்பட மாட்டார்களா?'

அது அந்த மரத்தையே குடைந்தது. காய்ந்த காட்டில் குடைவதுபோல வாசலை நேராக வைத்தது. ஈரக்காட்டில் வாசலை வெளிப்புறமாகச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். அது உளியனுக்குத் தெரியாது. பொந்து பார்க்க அழகாக இருந்தது. இருவாச்சிகள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தன. இருவாச்சிப் பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது.

நாற்பது நாள் கழித்து இரண்டு குஞ்சுகள் பொரித்தன. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் பொந்துக்குள் நீர் கசிந்தது. இரண்டாம் நாள் தேங்கியது. மூன்றாம் நாள் காலையில் இருவாச்சிப் பெண்ணின் அலறல் கரை முழுவதும் கேட்டது.

உளியன் பறந்து போனது. கீழே உளுத்துப்போயிருந்த தண்டில் நீர் இறங்கி, மரம் நெடுக வெடித்திருந்தது. ஆண் இருவாச்சி பித்துப் பிடித்ததுபோல் அடைப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. உளியனும் சேர்ந்து கொத்தியது. சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. இருவரும் வாசலைப் பாதி திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு கண் அவர்களைப் பார்த்தது.

"குஞ்சுகளை முதலில் எடுங்கள்" என்றது இருவாச்சிப் பெண்.

அதற்குள் மரம் முறிந்தது.

பறக்க முடிந்த இருவரும் பறந்தார்கள். பறக்க முடியாத மூவரும் மரத்தோடு விழுந்தார்கள்.

மழை சற்று விட்டதும் ஆண் இருவாச்சி கீழே இறங்கிப் பொந்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு உளியனிடம் வந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டது: "மலையணில் வாசலை நேராக வைக்கவா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்?"



காட்டெருது விசாரணை வைத்தது. தென்மலைக்கு ஒரு கொக்கை அனுப்பினார்கள். கொக்குத் திரும்பி வந்து சொன்ன செய்தியை ஆமை சபையில் படித்தது:

"தென்மலை மலையணில் இறந்து இரண்டு கோடை ஆகிறது."



"அப்படியானால் அன்று புதரிலிருந்து பேசியது யார்?" என்று ஆமை கேட்டது.

உளியன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. கரிச்சானைப் பிடித்துவர ஆள் போனது. இலுப்பை மரத்தில் இருந்த புழுக்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, அது வேறு திசைக்குப் பறந்து போய்விட்டிருந்தது.

காட்டெருது தீர்ப்புச் சொன்னது: "இந்த மரங்கொத்தியின் இலை கிழிக்கப்படுகிறது. இனி ஐந்து கரைகளில் எதிலும் இதற்கு இடமில்லை. இலையில் பெயர் உள்ள எவருக்கும் இடமில்லை."

"என் மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள்!" என்று உளியன் கதறியது. "அவளையும் குஞ்சுகளையும் விட்டுவிடுங்கள். அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை."

"இருக்கலாம்" என்றது ஆமை. "ஆனால் அவர்கள் பெயரைச் சொன்னவர் நீர்தான்."

ஆமை உளியனை ஆற்றோரத்துக்கு அழைத்துச் சென்றது. அன்று பட்டியல் படிக்கும் நாள். எதிர்க்கரையில் பலர் காத்திருந்தார்கள். ஆமை படித்தது:

"மேற்குக் கரை. வேங்கை மரங்கள் காரணம் தெரியாமல் வாடுகின்றன. மரவைத்தியர் தேவை. உடனே தேவை."

 உளியன் பக்கத்தில் நின்ற வேங்கை மரத்திடம் ஓடி இரண்டு தட்டுத் தட்டியது. தலையைச் சாய்த்துக் கேட்டது.

"இதோ! இதோ, இந்த முடிச்சுக்குக் கீழே. தண்டு துளைக்கும் வண்டின் புழு. வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. இப்போதே எடுத்தால் மரம் பிழைக்கும். பத்து நாள் விட்டால் பக்கத்து மரங்களுக்கும் பரவும். ஐயா, இதுதான் என் தொழில். இது எனக்கு உண்மையாகவே தெரியும்!"

ஆமை வேங்கை மரத்தைப் பார்த்தது. உளியனைப் பார்த்தது.

"நீர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்" என்றது. "ஆனால் நீர் சொல்லி நான் எதையும் எழுதிக்கொள்ள முடியாது."

உளியன் ஆற்றைக் கடந்தது.

காந்தள் மொட்டைக் கட்டையின் உச்சியில் அமர்ந்திருந்தது. இளைத்து எலும்பும் தோலுமாகியிருந்தது. பக்கத்தில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. மூன்றாவது எங்கே என்று உளியன் கேட்கவில்லை. காந்தளும் சொல்லவில்லை.

உளியன் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தது. காந்தள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அந்த இருவாச்சிக்கு எத்தனை குஞ்சு?"

"இரண்டு."

காந்தள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குஞ்சுகளுக்கு எறும்பு தேடப் பறந்து போனது.

நீதி: இல்லாத திறமையைச் சொல்லி நுழைந்தவனுக்கு, இருக்கும் திறமையும் கைகொடுக்காது.