கேட்டு வாங்கின கொசுறு

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு நாச்சாயி. காலை நீட்டிப் படு கண்ணு. நடுநடுவுல "ம்" கொட்டணும். நீ கொட்டாட்டா நாச்சாயி அங்கேயே நின்னுடுவா, எனக்கென்ன வந்துது.

ம். அது.

நாச்சாயி சந்தைக்குள்ள நுழைஞ்சா தராசெல்லாம் தானா நேரா நிக்கும். அவளுக்கு விலை கூட அவ்வளவு பெருசில்ல, கொசுறுதான் பெருசு. காய் வாங்கினா கடைசியில ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போடணும். அது காய்க்காரன் பண்ற தானமில்ல, வாங்கினவளுக்கு உண்டான மரியாதைம்பா. ஒரு மார்கழி மாசம், காய்க்கடை சடையாண்டி இனிமே யாருக்கும் கொசுறு கிடையாதுன்னுட்டான். நாச்சாயிக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. வாங்கின கத்திரிக்காயெல்லாம் லொடலொடன்னு அவன் தராசுலயே திருப்பிக் கொட்டினா.

"இனி இந்தச் சந்தைப் பக்கம் என் கால் வராது."

சடையாண்டி சிரிச்சான். "மூணு வாரம் தாங்க மாட்டே ஆத்தா. பையைத் தூக்கிட்டு இங்கதான் வந்து நிப்பே."

அப்படி வந்து நின்னா, உன் கூடையைத் தலையில வெச்சு எட்டு நாள் தெருத்தெருவாக் கூவி விக்கறேன்னா நாச்சாயி. வராட்டா, சந்தைக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளைக்கும் கேக்காமலே நீ கறிவேப்பிலை போடணும். சடையாண்டி தாடையைச் சொறிஞ்சான். நீ பட்டினி கிடந்து ஜெயிச்சா செல்லாது, மூணாவது சனிக்கிழமை மத்தியானம் நானே வந்து சாப்பிடுவேன், தொண்டையில எறங்காம ஒரு வாய் இலையில நின்னாலும் நீ தோத்தேன்னான். எறங்குறதை எறங்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்னு தராசைத் தொட்டுச் சத்தியமும் பண்ணான். சுத்தி நின்ன பொம்பளைங்கதான் சாட்சி.

ம் எங்க? தூங்கிட்டியா? ம்.

அப்புறம் நாச்சாயி நேரா ஊருக்கு வெளிய பொன்னாத்தா தோட்டத்துக்குப் போனா. பொன்னாத்தா வாராவாரம் சனிக்கிழமை இருபது வீட்டுக்கு ஆளுக்கொரு பெட்டி அனுப்புவா. அந்த வாரம் மண்ணு என்ன குடுத்துதோ அதான் பெட்டியில. இது வேணும், அது வேணாம்னு சொல்லக் கூடாது. நாச்சாயி விடுவாளா? உச்சி வெயில்ல வரப்பு மேல நின்னு பேரம் பேசினா. பொன்னாத்தா களை வெட்டிக்கிட்டே இருந்தா. கடைசியில காது வலிச்சுப்போயி, "சரி, வாரம் ஒரு பிடி கொசுறு. என்ன குடுக்கணும்ங்கறது என் இஷ்டம்"னா.

மொத வாரம் பெட்டி வந்துது. தூக்கிட்டு வந்தவனே மூச்சு வாங்கினான். திறந்தா ஒத்தைப் பரங்கிக்காய், மாட்டுத் தலை தண்டி. மேல கொசுறா ஒரு பிடி புளிச்ச கீரை. நாச்சாயிக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. கொசுறுன்னா கறிவேப்பிலையில்ல, பல்லு கூசுற இதை யாரு கேட்டான்னு கொல்லையில கட்டியிருந்த மொட்டைக் கொம்பு ஆட்டுக்கு விட்டெறிஞ்சா. ஆடு சரக் சரக்குனு தின்னுது. அப்போ பரங்கிக்காய்? அருவா இறங்கல. ரெண்டு கையால தூக்கிப் படிக்கல்லுல போட்டா. தொம். பொளந்துக்கிச்சு. ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் பாயசம், ஒரு நாள் அரிசியோட அரைச்சு அடை. விதையைக்கூட விடல, வறுத்துக் கொறிச்சா.

ரெண்டாவது வாரம் பெட்டி நிறைய மொச்சை. உரிச்சு, ஊறப்போட்டு, ஒவ்வொரு கொட்டையையும் விரலால பிதுக்கணும். புளுக். புளுக். ஒரு பக்கம் தோலு, ஒரு பக்கம் பருப்பு. நாச்சாயிக்குப் பொறுமை ஏது? நாலு கொட்டை பிதுக்கினா, முறத்தைத் தள்ளி விட்டா. சடையாண்டி சிரிச்ச சிரிப்பு ஞாபகம் வந்துது, முறத்தை இழுத்துக்கிட்டா. தள்ளி விட்டா, இழுத்துக்கிட்டா. பொழுது சாயுறதுக்குள்ள பெட்டி மொத்தமும் புளுக் புளுக். அந்த வாரமும் புளிச்ச கீரைதான் கொசுறு. அந்த வாரமும் ஆட்டுக்குத்தான்.

மூணாவது சனிக்கிழமை காலையில வந்த பெட்டியைத் திறந்தா, கருணைக்கிழங்கு. பெட்டி பூரா அதான். உனக்குத் தெரியுமில்ல, புளி போட்டு வேகவைக்காட்டா நாக்கு தொண்டையெல்லாம் பிறாண்டி எடுத்துடும். நாச்சாயி புளிப்பானையில கையை விட்டா. டங்குனு அடியில முட்டிச்சு. புதுப்புளி மாசியிலதான் வரும். வீட்டுல வேற காயும் இல்ல. பக்கத்து வீட்டுல கேக்கலாம், ஆனா அது சந்தையில வாங்கின புளி. அதைத் தொட்டா சந்தைக்குப் போன மாதிரிதான்னு அவளே முடிவு பண்ணிட்டா.

சும்மா வேகவெச்சுப் பாத்தா. நாக்கு நுனியில வெச்சதும் சுறுசுறுன்னு ஊறல். உச்சி நேரத்துக்கு சடையாண்டி வந்துடுவான். தலையில கூடையோட தெருத்தெருவாப் போறது கண்ணு முன்னாடி வந்துது. அடுப்புல கிழங்கு கொதக் கொதக்குனு கொதிக்குது. கொல்லையில சரக் சரக்குனு ஒரு சத்தம்.

ம் சொல்லு. என்ன சத்தம்?

ஆமா, ஆடு. காலையில பெட்டியோட வந்த புளிச்ச கீரைக் கொசுறைத் தின்னுக்கிட்டு இருந்துது. புளி இல்லாட்டா என்ன, அதுலயும் புளிப்பு இருக்கே! நாச்சாயி ஒரே ஓட்டம். ஆடு ஒரு பக்கம் இழுக்க, அவ ஒரு பக்கம் இழுக்க, பாதிக் கட்டு கையில வந்துது. அலசி, பொடிசா அரிஞ்சு, கிழங்கோட சேத்து வேகவெச்சு, மத்தால மசிச்சு, மிளகாய் கிள்ளித் தாளிச்சா. சொய்ங்.

சடையாண்டி வந்து உக்காந்தான். கருணைத் தோலு வாசல்ல கிடக்கறதைப் பாத்துட்டான், அவன் முகத்துல அப்படியொரு சந்தோசம். சாட்சிப் பொம்பளைங்க நிலைப்படியில நெருக்கி நின்னாங்க. அவன் ஒரு சின்ன உருண்டையை வாயில போட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அரிப்பு வருதான்னு தொண்டையைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தான். இன்னொரு உருண்டை. காத்திருந்தான். அப்புறம் காத்திருக்கறதை மறந்துட்டான். இலை காலி.

"எந்தக் கடையில புளி வாங்கினே?" தலையைத் தூக்காமலே கேட்டான்.

"வாங்கல. சண்டை போட்டு வாங்கின கொசுறு அது."

சடையாண்டி எழுந்து கை கழுவினான். சாயங்காலம் நாச்சாயி காலிப் பெட்டியைத் தோட்டத்துல குடுத்தா. உனக்குப் பிடிக்கலைன்னா அடுத்த வாரம் கறிவேப்பிலையே போடட்டுமான்னு பொன்னாத்தா கேட்டதுக்கு, போட்டதையே போடு, கையை மாத்தாதேன்னு அதட்டிட்டு வந்தா.

மறுநாள் சந்தை. வர்ற ஒவ்வொரு பொம்பளை பையிலயும் சடையாண்டி கறிவேப்பிலை வெச்சுக்கிட்டு இருந்தான். நாச்சாயி ஒரு காய்கூட வாங்காம அவன் முன்னாடி போய்க் கையை நீட்டினா. அவளுக்கும் ஒரு கொத்து வெச்சான். நீட்டின கை மடங்கல.

"இது பந்தயத்துக்கு. கொசுறு எங்க?"

சடையாண்டி அவளையே பாத்தான். இன்னொரு கொத்து வெச்சான். அந்த ரெண்டாவது கொத்தை யாருக்குக் குடுத்தா தெரியுமா? வாயிலேர்ந்து பிடுங்கினாளே, அந்த மொட்டைக் கொம்பு ஆட்டுக்கு. சரக். சரக். சரக்.

கதை தீந்துது கண்ணு. கதைக்குக் கொசுறு கேக்காதே. தூங்கு.