வலது ஓரத்தில் ஆடுகிறவர்

“டீச்சர், இந்த டீமில எனக்கு ஒருத்தரும் பந்து தர்றதில்ல” என்றான் பூமிநாதன்.

“தர்றாங்களே” என்றார் இமெல்டா டீச்சர்.

“எனக்கு நாலடி முன்னால தள்ளித் தர்றாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கோட்டைத் தாண்டிருது.”

“அப்போ அது உங்களுக்குத் தர்றது இல்ல.”

“பின்ன யாருக்கு?”

டீச்சர் குனிந்து, பயிற்சிக்கு வைத்திருந்த கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். வலது ஓரத்துக் கூம்பை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டுப் போனார்.

அது கடலோர ஊர். மைதானத்துக்கு ஒரு பக்கம் மாதா கோவில், மறுபக்கம் கடல். ஊர்க் கால்பந்து அணி மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனில் ஆடியது. ஆடுகிறவர்கள் எல்லாரும் கடல் தொழிலோ கூலி வேலையோ முடித்துவிட்டுச் சாயங்காலம் பூட்ஸ் கட்டுகிறவர்கள். பயிற்சி கொடுக்கிறவர் இமெல்டா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர்.

பூமிநாதன் மட்டும் வெளியூர். திண்டுக்கல் பக்கம். அணிக்கு ஆட ஒத்துக்கொண்டதால் ஐஸ் பிளான்ட்டில் வேலை கொடுத்திருந்தார்கள். அணியில் இடம் போனால் வேலையும் போகும். ஊரில் மனைவியும் கைப்பிள்ளையும் அவனை நம்பி இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பார்ப்போம், அதிலும் சரிவராவிட்டால் வேறு ஆளைத் தேடுவோம் என்று கிளப் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

அவன் கேப்டன் ஜெர்வினிடம் போய்ச் சண்டை பிடித்தான்.

ஜெர்வினுக்குச் சங்கடமாகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, கால் பழகிப்போய்விட்டது என்றான். அந்த ஓரத்தில் முன்பு ஆடியவர் கிளமெண்டு. டீச்சரின் வீட்டுக்காரர். காற்றுபோல ஓடுவாராம். ஒரு புயலில் அவர் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு டீச்சர் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பத்துப் பேரை வைத்தே ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் கமிட்டி பிடிவாதம் பிடித்துப் பூமிநாதனைக் கொண்டுவந்தது.

“பத்துப் பேரா ஆடியா ஜெயிச்சீங்க?”

ஜெர்வின் சுற்றும்முற்றும் பார்த்தான்.

“பத்துப் பேருன்னு நீருதான் சொல்லுதீரு.”

மறுநாள் டீச்சர் பூமிநாதனை ஆட விடவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் மணலில் உட்காரச் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்களோடு பயிற்சி ஆட்டம்.

நல்ல வெயில். காற்றே இல்லை. மூலைக் கொடி அசையாமல் தொங்கியது.

நடுவிலிருந்து ஜெர்வின் பந்தை வலது ஓரத்துக்கு நீட்டித் தள்ளினான். அங்கே ஆள் இல்லை. வெறும் தரையில் பந்து வேகமாக உருண்டு கோட்டை நோக்கிப் போனது.

கோட்டுக்கு முன்னால் நின்றது.

பிறகு மெல்லத் திரும்பி உள்ளே வந்தது.

அந்த ஓரத்தைக் காக்க நின்ற பக்கத்து ஊர்க்காரன் பந்தைப் பார்க்கவே இல்லை. தன் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி, கைகளை விரித்து, மறித்து மறித்து ஓடினான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் ஓடினான்.

மற்ற யாரும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே வந்த பந்தை ஜெர்வின் எடுத்துக்கொண்டு போனான்.

ஆட்டம் முடிந்ததும் பூமிநாதன் அந்த இடத்துக்குப் போய்க் காலால் தடவிப் பார்த்தான். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

“என்ன பார்த்தீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“பந்து நின்னுச்சு.”

“ம்.”

“அங்க ஆள் இருக்கு டீச்சர். அப்போ நான் எங்க நிக்கிறது?”

டீச்சர் கடலைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் வேகமா ஓடிப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் இரண்டாம் பூசை முடிந்த கையோடு ஊரே மைதானத்துக்கு வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்குமுன் அணி வட்டமாக நின்று கை கோத்து ஒரு பரலோக மந்திர ஜெபம் சொல்லும். பூமிநாதன் ஜெர்வினின் இடப்பக்கம் நின்றான். ஜெர்வினின் வலக்கை எதையோ பிடித்தாற்போல வெறுமையில் நீண்டிருந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். பூமிநாதனால் மூட முடியவில்லை.

முதல் பாதியில் அவனுக்கென்று வந்த பந்துகள் எல்லாம் அவனைத் தாண்டிப் போயின. நெஞ்சு வெடிக்க ஓடினான். எட்டவில்லை.

“லே ஐஸு, உருகிட்டியா?” என்றது ஒரு குரல்.

“உருகினாலாவது ஓடுமேடே” என்றது இன்னொன்று. பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

இடைவேளையில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து டீச்சரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பூமிநாதனுக்கு விளங்கிவிட்டது. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

“போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்கலாமா டீச்சர்?”

“கேளுங்க.”

“கிளமெண்டு அண்ணனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சுன்னு ஐஸ் பிளான்ட்டுல சொன்னாங்க. பூசை வச்சாச்சு. வெறும் பெட்டியை அடக்கம்கூடப் பண்ணியாச்சு.”

“ஆமா.”

“ஆட்டத்துல இருந்து அவரை வெளிய கூப்பிட்டாச்சா?”

டீச்சர் வலது ஓரத்தைப் பார்த்தார்.

“உள்ள நிக்கிற ஆள் அவரா எப்படி வருவார்? கோச் கூப்பிடணும்ல.”

டீச்சரின் கை கழுத்துச் சிலுவையைப் பிடித்தது. விசில் கேட்டது. மற்றவர்கள் எழுந்தார்கள்.

“பூட்ஸைக் கட்டுங்க” என்றார் டீச்சர். “ஆனா இப்போ உள்ள போகாதீங்க.”

பத்துப் பேர் உள்ளே போனார்கள். பூமிநாதன் கோட்டுக்கு வெளியே நின்றான்.

பந்து ஒருமுறை வெளியே போன சமயம் பார்த்து டீச்சர் எழுந்து கோட்டருகே வந்தார். இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றுமாறு உருட்டி, ஆள் மாற்றம் என்று ரெஃப்ரிக்குக் காட்டினார்.

ரெஃப்ரி வெளி மாவட்டத்துக்காரர். யார் வெளியே வருவது என்று கேட்டார்.

“கிளமெண்டு” என்றார் டீச்சர்.

புயலுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

ரெஃப்ரி உள்ளே நின்றவர்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். வாயைத் திறந்தார். அதற்குள், கோட்டோரம் கொடி பிடித்து நின்ற லைன்ஸ்மேன் அவரிடம் போய் மெல்ல ஏதோ சொன்னார். அவர் இந்தக் கடற்கரைக்காரர். ரெஃப்ரி விசிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

சுற்றி நின்றவர்களின் பேச்சு அடங்கியது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஓரத்தைக் காத்துநின்ற எதிரணி ஆள், யாருக்கோ வழிவிடுகிறவன்போல, ஓரடி ஒதுங்கினான்.

வெளியே வருகிறவரின் கையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறவன் போவான். அது வழக்கம். பூமிநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டினான்.

உள்ளங்கை சில்லென்றது.

நாள் முழுக்க ஐஸ் உடைக்கிறவனுக்குக் குளிர் தெரியும். இது அந்தக் குளிர் இல்லை. கையைப் பார்த்தான். ஈரம். முகர்ந்தான். உப்பு.

அவன் உள்ளே ஓடினான்.

டீச்சர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“போதும்” என்றார். “வந்து உட்காருங்க.”

ஜெர்வின் தள்ளிய அடுத்த பந்து பூமிநாதனின் காலுக்கே வந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினான். மைதானத்தைச் சுற்றி நின்ற ஊர் மொத்தமும் கத்தியது.

டீச்சர் அதைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மறுபக்கம் திரும்பி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.